ஐம்பதுகளின் கவுனா, எண்பதுகளின் நகலா?

பழைய அமெரிக்க உடை வாங்குறவங்க எளிதா ஏமாறுவது 1950களின் பாணியில் 1980களில் தைத்த கவுனிடம்தான். ஒட்டிய இடுப்பு, குடை மாதிரி விரியும் பாவாடை, எல்லாம் அப்படியே இருக்கும். வெளித்தோற்றத்தை நம்பாதீங்க, உள்பக்கம் திருப்பிப் பாருங்க.

எப்படித் துவைக்கணும்னு சொல்லும் லேபிள் தைக்கப்பட்டிருந்தால், அநேகமாக 1972க்குப் பிந்தையது. அந்த ஆண்டில்தான் அமெரிக்காவில் அது கட்டாயமானது. லேபிள் இல்லைங்கிறது மட்டும் சாட்சியாகாது, யாராவது வெட்டியிருக்கலாம்.

அடுத்து ஜிப். ஐம்பதுகளில் உலோக ஜிப்தான் வழக்கம். நைலான் ஜிப் இருந்தால் சந்தேகப்படுங்க. ஆனா பழுதாகி மாற்றியதாகவும் இருக்கலாம். அதனால ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக்கூடாது.

விற்கிறவங்களுக்கு ஒன்று: எட்ஸி தளத்தில் குறைந்தது 20 ஆண்டு பழையதாக இருந்தாலே ‘விண்டேஜ்’. எண்பதுகளின் நகலையும் தாராளமா விற்கலாம். ‘1980களில் தைத்தது, 1950களின் பாணி’ என்று தலைப்பிலேயே எழுதிடுங்க. வெறும் ‘1950’ என்று போட்டால், வாங்குறவங்க இல்லாத முப்பது வருஷத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறாங்க.