மனைவி ஊருக்குப் போன மூன்று வாரம்

மனைவியும் குழந்தையும் ஊருக்குப் போய்விட்டால் கணவன் என்ன செய்வான்? ஓட்டலில் சாப்பிடுவான். இரண்டாவது ஆட்டம் சினிமா பார்ப்பான். வீட்டில் பாத்திரம் குவிந்து கிடக்கும்.

அமெரிக்காவில் ஒரு கணவர் வேறு காரியம் செய்தார். மனைவி இல்லாத மூன்று வாரத்தில், கம்ப்யூட்டர் உலகத்தையே மாற்றிய ஒன்றை உருவாக்கிவிட்டார். அவர் பெயர் கென் தாம்சன். ஆண்டு 1969. அவருக்கு அப்போது வயது 26.

கைவிட்ட வேலை

நியூஜெர்சி மாநிலத்தில் இருந்த பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் தாம்சன் வேலை பார்த்தார். கம்ப்யூட்டருக்கு "ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று ஒன்று வேண்டும். கட்டிட வேலையில் மேஸ்திரி போல! எந்த வேலை முதலில், எந்த வேலை பிறகு என்று அதுதான் கம்ப்யூட்டருக்குள் மேற்பார்வை செய்கிறது.

"மல்டிக்ஸ்" என்ற பெரிய மேஸ்திரியை உருவாக்க, பெல் கூடம் மற்ற இரண்டு நிறுவனங்களோடு சேர்ந்து பாடுபட்டது. வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. 1969-ல் பெல் கூடம் விலகிக்கொண்டது. "வேறு கம்ப்யூட்டர் வாங்கித் தாருங்கள்" என்று தாம்சனும் நண்பர்களும் கேட்டார்கள். மேலதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்.

தாம்சன் சும்மா இருக்கவில்லை. விண்வெளியில் கப்பல் ஓட்டும் ஒரு விளையாட்டை எழுதியிருந்தார். பெரிய கம்ப்யூட்டரில் அதை ஒரு தடவை ஆடினால் 75 டாலர் கணக்கில் ஏறியது! ஆகவே, யாரும் அதிகம் தொடாத ஒரு பழைய சின்ன எந்திரத்தைத் தேடிப் பிடித்தார். நண்பர் டென்னிஸ் ரிச்சியின் துணையோடு விளையாட்டை அதற்கு மாற்றினார். விளையாட்டாகத் தொடங்கியது வினையாகவில்லை. நல்ல வேலையாகவே முடிந்தது. அந்த எந்திரத்துக்கே ஒரு மேஸ்திரி எழுதினால் என்ன என்று தோன்றியது. பாதி வேலை தயாராகியும் விட்டது. மூன்று பகுதிகள் மட்டும் பாக்கி.

வாரம் ஒன்று

அந்த நேரத்தில்தான் மனைவி புறப்பட்டார். தாத்தா பாட்டிக்குக் குழந்தையைக் காட்டக் கலிபோர்னியாவுக்கு மூன்று வாரப் பயணம். பிள்ளைக்கு ஏறக்குறைய ஒரு வயது.

வாரத்துக்கு ஒரு பகுதி என்று தாம்சன் எழுதினார். மூன்றாவது வாரம் முடிந்தபோது "யூனிக்ஸ்" ஓடியது.

இதைத் தாம்சனின் சாமர்த்தியம் என்று எல்லாரும் சொல்லுவார்கள். சாமர்த்தியம்தான்; சந்தேகமில்லை. ஆனால், அந்த 21 நாளும் குழந்தைக்குச் சோறு ஊட்டியது யார்? இரவில் அழுதால் எழுந்தது யார்? ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போன அந்தத் தாய் "யூனிக்ஸ்" சரித்திரத்தில் ஒரு வரியோடு மறைந்துவிடுகிறார். அவர் வீட்டில் இருந்திருந்தால் மூன்று வாரம் மூன்று மாதம் ஆகியிருக்கலாம்.

"அம்மாவிடம் போ!"

இன்று சென்னையிலும் கோவையிலும் இதே கதை நடக்கிறது. பகலில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. இரவில் சாப்பிட்ட கையோடு சொந்த வேலை. பிள்ளை மடியில் ஏறினால், "அம்மாவிடம் போ!" அம்மாவும் வேலைக்குப் போய்த் திரும்பியவராக இருந்தால் பிள்ளை எங்கே போகும்?

"எப்போது முடியும்?" என்று மனைவி கேட்டால், "இதோ முடிந்துவிடும்" என்று பதில் வருகிறது. "இதோ" என்பதற்கு நாள் கணக்கு கிடையாது. தாம்சனிடம் கணக்கு இருந்தது: மூன்று பகுதி, மூன்று வாரம்.

இன்னொரு விஷயம். கம்பெனியின் எந்திரத்தில் எழுதியதால் "யூனிக்ஸ்" கம்பெனிக்கே சொந்தமாயிற்று. பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் அப்படிச் செய்யவில்லை. 1991-ல், தம் 21-வது வயதில், சொந்தக் கம்ப்யூட்டரில் "லினக்ஸ்" எழுதினார். "யூனிக்ஸ்" மாதிரியைப் பார்த்து எழுதியதுதான் அது. ஆண்ட்ராய்ட் செல்போன்களுக்குள் இருப்பது அந்த லினக்ஸ்தான். சொந்த வேலை செய்கிறவர்கள் கம்பெனியில் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒரு தடவை படித்துப் பார்ப்பது நல்லது. 2022-ல் இந்தியாவில், இன்னொரு கம்பெனிக்கும் வேலை செய்தார்கள் என்று பலர் வேலை இழந்தார்கள்.

சாப்பாட்டு மேஜையில்

தாம்சனுக்குப் பிற்காலத்தில் விருதுகள் வந்தன. 1983-ல் ரிச்சியோடு டூரிங் விருது பெற்றார். ஆனாலும் பழைய குணம் போகவில்லை. 1992-ல் ஒரு நாள் இரவு, ராப் பைக் என்ற நண்பரோடு ஓட்டலுக்குச் சாப்பிடப் போனார். உலக மொழிகளின் எழுத்துக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் எப்படி அடக்குவது என்று பேச்சு வந்தது. தட்டுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்திலேயே தாம்சன் வழியை எழுதிக் காட்டினார்! "யு.டி.எப்-8" என்பது அதன் பெயர். இணையத்தில் இன்று தமிழ் எழுத்துக்கள் அந்த முறையில்தான் போய்ச் சேருகின்றன.