தன் கையைத் தான் காணுதல்

பல்லுப் போனாற் சொல்லுப் போம் என்பது நம் முதுமொழி. அப்பல்லைக் காக்கும் வித்தையைக் கற்பிப்பது எத்துணை அரிய செயல் என்பதை நம்மில் அநேகர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வாய் ஒரு சிறு குகை. கடைவாய்ப் பல்லின் அகலமோ ஏறக்குறைய 10 மில்லிமீற்றர். அதில் ஆசிரியர் துளையிடும்போது, அருகில் நிற்கும் இருவர் மூவருக்கே ஏதேனும் புலப்படும். ஏனைய மாணாக்கர் காண்பது ஆசிரியரின் தோளையே. மேல்வாய்ப் பற்களைச் சிறு கண்ணாடியிற் பார்த்தே பெரும்பாலும் வேலை செய்தல் வேண்டும்; அங்கே முன்னது பின்னதாகத் தோன்றும். உலகின் முதலாவது பல் வைத்தியக் கல்லூரி அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் 1840ஆம் ஆண்டிலே தோன்றிற்று. அதன் பின்னரும் நெடுங்காலம் இவ்விடர் தீரவில்லை.

இன்று வீடியோ அதனைப் பெரிதும் தீர்த்துவைத்துள்ளது. விளக்கோடு பொருத்திய கமராவும், வாயினுட் செல்லும் நுண்ணிய கமராவும் அச்சிறு துளையைத் திரையிலே பெருப்பித்துக் காட்டுகின்றன. வகுப்பு முழுவதும் ஒருங்கே காணலாம், வேண்டியவிடத்து நிறுத்தலாம், மீண்டும் பார்க்கலாம். 2020ஆம் ஆண்டிற் கொரோனா நோய் பரவியபோது, துளைகருவியினின்று தெறிக்கும் நுண்துளிகளுக்கு அஞ்சிப் பல நாடுகளிற் பற்சிகிச்சைப் பயிற்சி தடைப்பட்டது. வீட்டிலிருந்த மாணாக்கருக்கு அப்போது இத்தகைய படங்கள் துணைநின்றன.

ஆயினும், ஆசிரியரின் கையைக் காட்டுவதினும் மாணாக்கனின் கையை அவனுக்கே காட்டுவதுதான் வீடியோவின் மேலான பயன் என்பது எமது துணிபு. எம்மிடம் பௌதிகவியல் பயின்று, இப்போது பல் வைத்தியம் கற்கும் இளைஞர் ஒருவர் விடுமுறையில் எம்மைக் காண வந்தார். "ஐயா, எனது கை உறுதியானது என்றே நம்பியிருந்தேன்" என்றார். பொம்மைத் தலையிற் பொருத்திய செயற்கைப் பல்லில் தாம் துளையிட்டதைப் படத்திற் பார்த்தபோதுதான், அயற்பல்லின்மீது ஊன்றி நிற்க வேண்டிய மோதிரவிரல் அடிக்கடி மேலெழுவதைக் கண்டாராம். ஆசிரியர் முன்னரே பன்முறை சொல்லியதுண்டு. செவி கேட்டது, மனம் ஏற்கவில்லை. கண்ணாற் கண்டபின் மறுக்க முடியவில்லை. உயிருள்ள ஒருவரின் வாயில் அப்பிழை நேர்ந்திருப்பின் நாவோ கன்னமோ கிழிந்திருக்கும்.

பரீட்சைக்கும் இது உதவும். ஸ்கொத்லாந்தின் டண்டி நகரைச் சேர்ந்த ரொனால்ட் ஹாடன் என்பார், எல்லா மாணாக்கருக்கும் ஒரே பணிகளைக் கொடுத்து, முன்னரே வகுத்த பட்டியலின்படி புள்ளியிடும் முறையை 1975ஆம் ஆண்டில் வெளியிட்டார். வைத்தியக் கல்வியில் அம்முறை உலகெங்கும் பரவிற்று. அத்தகைய பரீட்சையைப் படமெடுத்துவைத்தால் பரீட்சகர் இருவர் தனித்தனியே பார்த்துப் புள்ளியிடலாம். கருத்து வேறுபடின் மீண்டும் பார்த்துத் தீர்க்கலாம். கைகளை மாத்திரம் காட்டும் படமாயின், முகம் பார்த்துப் புள்ளியிடும் ஐயமும் குறையும்.

எனினும் எல்லை ஒன்றுண்டு. சொத்தைப்பட்ட பகுதியின் மென்மையையும் நல்ல பகுதியின் வன்மையையும் விரலே உணர்தல் வேண்டும். திரை அதனை உணர்த்தாது. நோயாளியின் சம்மதமின்றி அவர் வாயைப் படம்பிடித்தலும் முறையன்று.

பிறர் பிழையைக் காண நமக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தன் பிழையைத் தான் காண்பதே அரிது. அதனைக் கண்டு திருந்திய கையை நம்பியே நாம் வாயைத் திறக்கலாம்.