பூவா? தலையா? இயற்பியலைக் கேளுங்க!



கிரிக்கெட்டில் டாஸ் போடுகிறோம். ஜெயித்தவனைப் பார்த்து, "அவனுக்கு லக்குடா!" என்கிறோம். ஆனால் நாணயத்துக்கு லக்கும் தெரியாது, யார் கேப்டன் என்பதும் தெரியாது. அது கேட்பதெல்லாம் நியூட்டன் விதிகளைத்தான்!

கணக்குப் போடலாமா?

நாணயத்தை நொடிக்கு 2.45 மீட்டர் வேகத்தில் நேர் மேலே சுண்டுகிறோம். காற்றை விட்டுவிடுவோம். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்றால், அது நம்ம ஸ்கேல் உயரம் (சுமார் 30 செ.மீ.) போய், அரை நொடியில் கைக்குத் திரும்பும்.

* நொடிக்கு 20 முறை சுழன்றால் அரை நொடியில் 10 சுற்று. தலையை மேலே வைத்துச் சுண்டினால் தலையே விழும்.
* நொடிக்கு 21 முறை சுழன்றால் பத்தரைச் சுற்று. இப்போ பூ!

பார்த்தீங்களா? இருபதில் ஒரு பங்கு வித்தியாசம், முடிவே தலைகீழ்! நம்ம விரலால் ஒரே மாதிரி இரண்டு தடவை சுண்ட முடியாது. அதனால்தான் முன்கூட்டியே சொல்ல முடியவில்லை. அமெரிக்கக் கணித அறிஞர் பெர்சி டயகோனிஸும் அவரது குழுவினரும் ஸ்பிரிங் வைத்த ஒரு கருவியால் சுண்டினார்கள். ஒரே மாதிரி சுண்டியதால் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம்தான் விழுந்தது!

கையால் சுண்டினால் சரிபாதியா?

கிட்டத்தட்ட! நாணயம் சுழலும்போது பம்பரம் போலக் கொஞ்சம் தள்ளாடும். அதனால் முதலில் மேலே இருந்த பக்கமே சற்று அதிகமாக விழும் என்று 2007-இல் இவர்கள் கணித்தார்கள். 2023-இல் வெளியான ஆய்வில் 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை சுண்டிப் பார்த்தார்கள். அதே பக்கம் விழுந்தது 50.8 சதவீதம்!

நாணயத்துக்கு ஞாபகம் உண்டா?

தொடர்ந்து 5 தலை விழுந்துவிட்டது. "அடுத்தது பூதான்!" என்று அடித்துச் சொல்வார்கள். தப்பு! போன தடவை என்ன விழுந்தது என்று நாணயம் எழுதி வைப்பதில்லை. ஆறாவது முறையும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். 32 பேர் ஆளுக்கு 5 முறை சுண்டினால், சராசரியாக ஒருவருக்கு ஐந்துமே தலையாக விழும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

சூதாட்டச் சக்கரமும் இப்படித்தான். ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். ஒரு எண்ணில் 1 ரூபாய் கட்டி ஜெயித்தால், கட்டியதையும் சேர்த்து 36 ரூபாய்தான் கைக்கு வரும். 37 எண்ணிலும் கட்டினால்கூட 1 ரூபாய் நஷ்டம்! "இவ்வளவு நேரம் தோற்றாச்சு, இனி ஜெயிப்பேன்" என்று விட்டதைப் பிடிக்கப் போனவர்கள் வீட்டையும் விட்டிருக்கிறார்கள். சக்கரத்துக்கு அவர்கள் தோற்றது தெரியாது. கடைக்காரருக்குக் கணக்கு தெரியும்!

செய்து பாருங்கள்: வகுப்பில் ஆளுக்கு 20 முறை சுண்டி, கரும்பலகையில் கோடு போட்டுக் கூட்டுங்கள். பாதிக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். ஆனால் பந்தயம் மட்டும் கட்டாதீங்க!