பலாப்பழத்துக்குச் சீட்டு உண்டு... நிலத்துக்கு?

விடியற்காலை நாலு மணிக்குத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். அங்கே யாரும் நடப்பதில்லை, நகர்த்தப்படுகிறார்கள். முதுகில் மூட்டை இடிக்கும். 'வழி... வழி...' என்ற குரல் காதை இடிக்கும். அப்படி நகர்ந்து நகர்ந்து, ஒரு வைகாசி மாசம் பலாப்பழக் குவியலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"எந்த ஊர்ப் பழம்ணே? பண்ருட்டியா?"

மண்டிக்காரர் முறைத்தார். "பச்சமலை சார்! மோந்து பாருங்க, தெரியும்."

மோந்து பார்த்தேன். சாக்கு வாசனையும் டீசல் வாசனையும்தான் தெரிந்தது. பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்துவிட்டார். பழத்துக்குச் சொந்தக்காரர். ராத்திரி லோடு வண்டியிலேயே ஏறி வந்தவர். கையில் மண்டிச் சீட்டு. இத்தனை பழம், இன்ன விலை, கமிஷன் போக பாக்கி இவ்வளவு.

"சொந்த மரமாய்யா?"

"மரம் எங்க தாத்தா வச்சது தம்பி. நிலம் யாருதுன்னுதான் தெரியல. நாங்க எங்களுதுங்கறோம், பாரஸ்ட்டுக்காரங்க அவங்களுதுங்கறாங்க."

துறையூரைத் தாண்டினால் பச்சமலை. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை நாடு என்று நாடு நாடாகப் பிரித்து வாழ்கிறார்கள். பெயர் மலையாளி. உடனே புட்டும் கடலைக்கறியும் நினைவுக்கு வந்தால் நீங்கள் என் கட்சி. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இவர்கள் சுத்தமாகத் தமிழ் பேசும் மலைவாசிகள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூணு பேர் மலையேறி வந்த கதையைப் பரம்பரையாகச் சொல்கிறார்கள். 1909-லேயே எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் அதைக் கேட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துவிட்டார். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகள் ஏறக்குறைய 8 லட்சம் பேர். அதில் மூன்றரை லட்சத்துக்கு மேல் இவர்கள்தான்.

இவ்வளவு பேருக்குக் கையில் ஏன் காகிதம் இல்லை?

1882-ல் வந்தது மெட்ராஸ் வனச் சட்டம். ஒரு காட்டை ரிசர்வ் ஆக்கப் போகிறோம் என்று சர்க்கார் அறிவிப்பு போடும். அதில் உனக்கு உரிமை இருந்தால் கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ரிசர்வ் என்று அறிவித்த அன்றோடு உன் உரிமை காலி. எழுதப் படிக்கத் தெரியாதவன், மலை உச்சியில் சாமைக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவன், அந்தக் கெடுவைக் கண்டானா? நமக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்தவே மூணு நடை ஆகிறது!

சரி, காட்டையாவது காப்பாற்றினார்களா? அந்தக் காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் ஸ்லீப்பர் கட்டைக்கும், இன்ஜினில் எரிக்கும் விறகுக்கும் தேசம் பூராவும் காடுகள் சாய்ந்தன. மரத்தை வெட்டிய சர்க்கார் காட்டுக்குச் சொந்தக்காரர் ஆனது. சுள்ளி பொறுக்கியவன் திருடன் ஆனான்.

'இன்றைக்குக் காட்டை அழித்து குச்சிக்கிழங்கு போடுவது மலைக்காரன்தானே?' என்று கேட்கலாம். முழுப் பொய் இல்லை. பச்சமலையிலும் கொல்லிமலையிலும் சாமை, தினை, கேழ்வரகு விளைந்த சரிவுகளைக் கிழங்கு பிடித்துக்கொண்டது. அதைப் பிடுங்கும்போது மண் இளகும். அடுத்த மழையில் மேல்மண் அடிவாரத்துக்கு வந்துவிடும். ஆனால் கணக்கை முழுசாகப் பார்க்க வேண்டும். பட்டா இல்லையென்றால் பாங்கில் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிழங்கு வியாபாரி பட்டா கேட்பதில்லை, முன்பணம் தருகிறார். ஆத்தூர், சேலம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி போகிறது. நாம் கல்யாண வீட்டில் ரெண்டாவது டம்ளர் பாயசம் கேட்கிறோம்.

"எங்க சாமிக்குச் சாமைதான் தம்பி படைக்கணும்" என்றார் பெரியவர். "எங்கப்பா காலத்துல குதிருக்குள்ள இருந்து எடுப்போம். இப்ப இந்த மார்க்கெட்லதான் ஒரு கிலோ வாங்கிட்டுப் போறேன்."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. மலையிலிருந்து இறங்க வேண்டிய தானியம் மலைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

2006 டிசம்பரில் பார்லிமெண்ட் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. பழங்குடிகளுக்கு இழைத்தது சரித்திர அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்ட சட்டம் அது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து உழுது வந்த நிலமானால் 4 ஹெக்டேர் வரை உரிமை. தேன், மூங்கில் மாதிரி சிறு வனப்பொருள்களுக்கும் உரிமை. மனுவை முதலில் பார்க்க வேண்டியது கிராமசபை. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது சாட்சிய விதிதான். வரப்பு, ஊர்ப் பெரியவர் வாக்குமூலம் எல்லாமே சாட்சி. ஊரே சேர்ந்து கேட்கும் பொது உரிமைக்குச் சாமி மரமும் சுடுகாடும்கூடச் சாட்சி. மூலப்பத்திரத்துக்காக பீரோவைக் குடையும் நமக்கு, சுடுகாடு ஒரு டாக்குமெண்ட் என்று யாராவது சொன்னதுண்டா?

ஆனால் தமிழ்நாட்டில் வண்டி கிளம்பும்போதே பிரேக். உரிமைச் சான்று கொடுக்கும் முன் தன் அனுமதி வேண்டும் என்று 2008-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது 2016-ல். நடுவில் எட்டு வருஷம்! முதியவர் வாக்குமூலமே சாட்சி என்னும் சட்டத்தில் எட்டு வருஷம் என்றால், எத்தனை சாட்சி கண்ணை மூடியிருக்கும்?

இதே காந்தி மார்க்கெட்டை ஊருக்கு வெளியே மாற்றுவோம் என்று கள்ளிக்குடியில் வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்கள். 'எங்க இடத்தை விட்டுப் போகமாட்டோம்' என்று வியாபாரிகள் நின்றார்கள்; சங்கம் இருந்தது, கடையடைப்பு இருந்தது, கோர்ட் இருந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. பச்சமலைக்காரருக்கும் அந்த மூன்றும் இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது, அவ்வளவுதான்.

பெரியவரிடம் எனக்குத் தெரிந்த வரை விதியைச் சொன்னேன். "உங்க வாக்குமூலம் உங்களுக்கே செல்லாதுய்யா. வேற ஒரு மூத்தவர் சொல்லணும்."

யோசித்தார். "என்னைவிட மூத்தவங்க ஊர்ல ரெண்டு பேருதான் இருக்காங்க. ஒருத்தருக்குக் காது கேக்காது. இன்னொருத்தருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

"ஏன்?"

"வரப்புத் தகராறுதான்!" என்று சிரித்தவர், மண்டிச் சீட்டை நாலாக மடித்து மடியில் செருகிக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாமை வாங்க மளிகைக் கடைப் பக்கம் நடந்தார். நடந்தாரா, நகர்த்தப்பட்டாரா... கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை.