நியாய விலை: தருமமல்ல, நீதி



காலையில் கண்விழித்ததும் நாம் தேடுவது ஒரு கோப்பை காப்பி. அதை விளைவித்த கைகளை நாம் பார்ப்பதில்லை. அந்தக் கைகளுக்கு உரிய விலை போய்ச் சேர்ந்ததா என்றும் நாம் கேட்பதில்லை. அப்படிக் கேட்ட ஒரு குருவானவரை இன்று நினைத்துப் பார்ப்போம்.

நெதர்லாந்தில் பிறந்த அருட்பணி பிரான்ஸ் வான் டெர் ஹொஃப், 1980ஆம் ஆண்டு முதல் மெக்சிகோவின் ஓஹாக்கா மாநில மலைக்கிராமங்களில் பழங்குடி மக்களோடு வாழ்ந்தார். அவர்கள் சிறிய காப்பி விவசாயிகள். விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக அவர்களிடம் வாகனம் இல்லை. இடைத்தரகர் சொன்னதுதான் விலை. ஏழைகளின் ஆயர் என்று பெயர்பெற்ற ஆயர் அர்த்தூரோ லோனா அவர்களுக்கு ஆதரவாக நின்றார். விவசாயிகள் ஒன்றுசேர்ந்து 'உசிரி' என்ற கூட்டுறவு அமைப்பை உருவாக்கினார்கள். அவர்கள் கேட்டது உதவிப் பணமல்ல, உழைப்புக்கேற்ற விலை.

இந்தக் குரலை அருட்பணி வான் டெர் ஹொஃப், நெதர்லாந்தின் நிக்கோ ரூசனிடம் கொண்டு சென்றார். இருவரின் முயற்சியால் 1988 நவம்பரில் 'மாக்ஸ் ஹவலார்' என்ற முத்திரையுடன் காப்பி விற்பனைக்கு வந்தது. ஜாவாத் தீவின் விவசாயிகள் சுரண்டப்பட்டதைக் காட்டிய 1860ஆம் ஆண்டு நாவலின் பெயர் அது. 1997இல் பல நாடுகளின் முத்திரை அமைப்புகள் இணைந்தன. அதுவே இன்றைய 'ஃபேர்டிரேட்' அமைப்பு.

இந்த முத்திரை என்ன செய்கிறது?

முதலாவது, குறைந்தபட்ச விலை. சந்தை விலை வீழ்ந்தாலும் வாங்குபவர் அதற்குக் கீழே கொடுக்கக் கூடாது. சந்தை விலை உயர்ந்தால் அந்த உயர்ந்த விலையையே கொடுக்க வேண்டும். 2019இல் ஒரு பவுண்டு அராபிகா காப்பியின் உலகச் சந்தை விலை ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. அப்போது இந்த முத்திரைக்கான குறைந்தபட்ச விலை 1.40 டாலர். 2023 ஆகஸ்டில் அது 1.80 டாலராக உயர்த்தப்பட்டது.

இரண்டாவது, கூடுதல் தொகை. காப்பிக்குப் பவுண்டுக்கு 20 சென்ட் கூட்டுறவுக்குத் தனியாகச் சேருகிறது. பள்ளிக்கா, சாலைக்கா, நாற்றுக்கா என்பதை உறுப்பினர்களே கூடி முடிவு செய்கிறார்கள். தேயிலை போன்ற பெருந்தோட்டங்களில் தொழிலாளர்கள் தேர்ந்தெடுக்கும் குழு அதை முடிவு செய்கிறது.

மூன்றாவது, நெறிமுறைகள். கட்டாய உழைப்பு கூடாது, குழந்தைகளைச் சுரண்டக் கூடாது, சங்கம் சேரும் உரிமையை மறுக்கக் கூடாது. இவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று தணிக்கையாளர் வந்து பார்க்கிறார்.

எனினும், முத்திரை ஒட்டியதும் வறுமை ஒழிந்துவிடாது. சான்றிதழ் பெற்ற விளைச்சல் அனைத்தையும் இந்த நிபந்தனைகளில் வாங்க ஆள் கிடைப்பதில்லை. மீதியைச் சாதாரண விலைக்கே விற்க நேரிடுகிறது. சான்றிதழுக்கும் தணிக்கைக்கும் செலவாகிறது. தணிக்கையாளர் வரும் ஓரிரு நாளில் எல்லாக் குறைகளும் கண்ணில் படுவதும் இல்லை. ஆகவே இது வாசல்தான், வீடு அல்ல. ஆனால் வாசலே இல்லாதவர்களுக்கு வாசல் பெரிது!

சுதந்திர வணிகம் மட்டும் போதாது, அது நீதிக்கும் கட்டுப்பட வேண்டும் என்று 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் 'மக்களின் முன்னேற்றம்' மடலில் கற்பித்தார். பொருள் வாங்குவதும் அறநெறி சார்ந்த செயலே என்று 2009இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் நினைவூட்டினார். கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி ஆண்டவரின் செவிகளை எட்டுகிறது என்று யாக்கோபு திருமுகம் எச்சரிக்கிறது.

நாமோ திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், கோவில் வாசலில் கீரை விற்கும் தாயிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். பெரிய கடைகளிலோ சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம். அருட்பணி வான் டெர் ஹொஃப் 2024இல் இறைவனடி சேர்ந்தார். அவர் கேட்ட கேள்வி நம்மிடம் இருக்கிறது. இந்த வாரம் நாம் வாங்கும் ஏதேனும் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, இதை உழைத்துத் தந்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்போம். நீதி அங்கிருந்து தொடங்கட்டும்.