கடையைக் காக்க நின்றவர் கலவரக்காரர் ஆன கதை

கலவர வழக்கின் குற்றப்பத்திரிகை நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகிறார்கள். "சார், நாங்க யாரையும் அடிக்கப் போகல. கடையைக் காப்பாத்தத்தான் நின்னோம்." அது உண்மையாகத்தான் இருக்கும். கையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டதும் குரல் தாழ்ந்துவிடும். ஒருவர் அரிவாள், இன்னொருவர் இரும்புக் கம்பி. தெருவில் யாரோ அதைச் செல்போனில் படம் பிடித்திருப்பார்கள். கடையைக் காக்க நின்றவர்களும் உடைக்க வந்தவர்களும் அந்த வீடியோவில் ஒரே கூட்டமாகத்தான் தெரிவார்கள்.

இன்னொரு வகையினரைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உண்மையிலேயே தாக்கப்பட்டவர்கள் இவர்கள். வீடு புகுந்து வெட்ட வந்தவர்களைத் தள்ளிவிட்டு, கைக்குக் கிடைத்ததை எடுத்துத் திருப்பி அடித்து உயிர் தப்பியவர்கள். அதன்பின் பயந்துபோய் உறவினர் ஊருக்குச் சென்று மூன்று நாள் இருந்துவிடுகிறார்கள். அதற்குள் எதிர்த்தரப்பு ஆஸ்பத்திரியில் படுத்து, புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையையும் பதிய வைத்துவிடுகிறது. அடிபட்டவர் முதல் குற்றவாளியாகிறார். சட்டம் இவருக்குக் கொடுத்திருந்த தற்காப்பு உரிமை, அந்த மூன்று நாளில் பாதி கரைந்து போகிறது.

பொதுமக்கள் ஆயுதம் வைத்துக்கொள்ளலாமா என்ற விவாதம் நாட்டில் இப்போது மறுபடி சூடாகியிருக்கிறது. 2025 மே மாதம் அசாம் அமைச்சரவை, பதற்றமான, ஒதுக்குப்புறமான பகுதிகளில் வாழும் பூர்வகுடிகளுக்குத் துப்பாக்கி உரிமம் வழங்கத் தனித் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. மணிப்பூரில் 2023 மே மாதம் தொடங்கிய கலவரத்தில் காவல்துறைக் கிடங்குகளிலிருந்து ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் சூறையாடப்பட்டன. அவற்றைத் தாமாக ஒப்படைக்கும்படி 2025 பிப்ரவரியில் ஆளுநர் கெடு விதிக்க வேண்டியிருந்தது. மோதிக்கொண்ட இரு தரப்பினரும் "தற்காப்புக்காகத்தான்" என்றே சொன்னார்கள். சத்தீஸ்கரில் பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவல் அதிகாரிகள் என்ற பெயரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக ஆயுதம் ஏந்தவைத்தது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காவல் நிலையத்துக்கு ஆள் போடாத அரசு, குடிமகன் கையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது கடமையைத் தட்டிக்கழிப்பதன்றி வேறில்லை. ஆனால் அரசுகள் எப்படி நடந்தாலும் நாளை உங்கள் தெருவில் கல் விழுந்தால் என்ன செய்வது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள். எண்தான் மாறியது, சாரம் மாறவில்லை. உங்கள் உடலை மட்டுமல்ல, அடுத்தவர் உடலையும் நீங்கள் காக்கலாம். சொத்தைக் காக்கலாம். உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பாலியல் வன்முறை நடக்கும், கடத்துவார்கள், அமிலம் வீசுவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், எதிரியின் உயிர் போகும் அளவுக்குக்கூட இந்த உரிமை நீளும். குடியிருக்கும் வீட்டுக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைக்க வந்தாலும் அப்படியே. ஓடித்தான் தப்ப வேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கொலைவெறியோடு சூழ்ந்த கும்பலை நோக்கிச் சுடுவதைத் தவிர வேறு வழியில்லாதவனின் நிலையை 44-ஆம் பிரிவு உதாரணத்தோடே விளக்குகிறது.

இவ்வளவு அகலமான உரிமைக்கு 37-ஆம் பிரிவில் கடிவாளம் இருக்கிறது. யாரும் படிக்காத பிரிவு அதுதான். காவல்துறையின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால், தற்காப்பு உரிமை கிடையாது. காப்பதற்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யவும் உரிமை கிடையாது. எதிரி திரும்பி ஓடத் தொடங்கி, ஆபத்து நீங்கிவிட்டால் உங்கள் உரிமையும் நின்றுவிடுகிறது. விரட்டிப் போய் வெட்டினால் அது தற்காப்பு அல்ல. மறுநாள் ஆள் திரட்டிக்கொண்டு போனால் அது கலவரம். திரும்பவும் சொல்கிறேன்: விரட்டிப் போகாதீர்கள். நான் பார்த்த வழக்குகளில் அதிகம் பேரைச் சிறைக்கு அனுப்பியது விரட்டிச் சென்ற அந்த ஐம்பது அடிதான்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி, கூட்டத்தின் பொது நோக்கம் சட்டவிரோதம் என்று முடிவாகிவிட்டால், ஒருவர் செய்த குற்றம் 190-ஆம் பிரிவின்படி எல்லோர் தலையிலும் விழும். கொடிய ஆயுதத்தோடு கலவரத்தில் ஈடுபட்டதாக 191(3) சேர்ந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. உங்கள் நோக்கம் காப்பதுதான் என்பது உங்களுக்குத் தெரியும். நீதிமன்றத்துக்கு யார் சொல்வது? தற்காப்பு என்று வாதிடுகிறவரே அதை நிலைநாட்ட வேண்டும் என்கிறது பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-ஆம் பிரிவு. அரசுத் தரப்பைப் போல ஐயந்திரிபற நிரூபிக்க வேண்டியதில்லை, 'அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்று காட்டினால் போதும். ஆனால் அதைக் காட்டக் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

முதல் காகிதம் உங்கள் போனிலேயே இருக்கிறது. கூட்டம் தெருமுனையில் தெரிந்த உடனே 112-ஐ அழையுங்கள். போலீசார் வர மாட்டார்கள் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அந்த அழைப்பு, பாதுகாப்பு கேட்டீர்கள் என்பதற்கான சாட்சி. அழைத்த நேரம் தெரியும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் மறுபடி அழையுங்கள், அதுவும் பதிவாகும்.

இரண்டாவது, ஏ.ஆர். காப்பி. சின்னச் சிராய்ப்பாக இருந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் காயத்தைப் பதியுங்கள். யார், எதனால், எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்று டாக்டர் கேட்பார். "கீழே விழுந்துட்டேன்" என்று மழுப்பாதீர்கள். பிற்பாடு அந்த ஒரு வரியை வைத்துத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்களைக் குறுக்கு விசாரணை செய்வார். குற்றம்சாட்டப்பட்டவர் உடலில் இருக்கும் காயத்துக்கு அரசுத் தரப்பு விளக்கம் தராவிட்டால் வழக்கே பலவீனப்படும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. காயம் பதிவாகாமல் ஆறிவிட்டால் அந்தத் தீர்ப்புகளால் உங்களுக்குப் பயனில்லை. ஒருவேளை கைதானால், மருத்துவப் பரிசோதனை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவின்படி உங்கள் உரிமை. அப்போதும் காயத்தைக் காட்டிச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போதும் சொல்லுங்கள்.

மூன்றாவது, புகார். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எல்லை தாண்டி வந்திருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்ப பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு இடம் கொடுக்கவில்லை. மின்னஞ்சலிலும் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். நம் ஊர்க் காவல் நிலையங்களில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து, "போங்க, கூப்பிடுறோம்" என்பார்கள். சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை அல்ல. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, ஆனாலும் மறுபடி எழுதுகிறேன்: சி.எஸ்.ஆர். ரசீது முதல் தகவல் அறிக்கை அல்ல. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துப்பூர்வமாக, ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். அந்த அஞ்சல் ரசீது இல்லாமல் அங்கே போய் நிற்காதீர்கள்.

புகாரில் மறைக்காதீர்கள். நீங்களும் அடித்திருந்தால், எந்தச் சூழ்நிலையில், எதைக் கொண்டு அடித்தீர்கள் என்று அதிலேயே எழுதுங்கள். முதல்நாள் மறைத்ததை ஆறு மாதம் கழித்துத் தற்காப்பு என்று சொன்னால் எந்த நீதிபதியும் சந்தேகப்படுவார். இரு தரப்பும் புகார் கொடுத்திருந்தால் அது வழக்கும் எதிர் வழக்குமாகும். இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு காவல் நிலை ஆணை 566. நடைமுறையில் ஒரு வழக்கை மட்டும் ஓட்டிவிட்டு, உங்கள் புகாரை 'பொருண்மைப் பிழை' என்று முடித்துவிடும் அதிகாரிகள் இருக்கிறார்கள். இந்த ஆணை எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். பக்கத்துக் கடைகளின் சி.சி.டி.வி. பதிவைக் கைப்பற்றும்படியும் அதே மனுவில் கேளுங்கள். பல கருவிகளில் பழைய பதிவு சில நாள்களிலேயே அழிந்துவிடும்.

துப்பாக்கி உரிமம் பற்றி ஒரு வார்த்தை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு, மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு. காவல் நிலைய அறிக்கை இல்லாமல் நகராது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம். உரிமம் என்பது ஊருக்குக் காட்டுவதற்கான சான்றிதழ் அல்ல. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை 'பாதுகாப்புக்காக' வாங்கி வைத்தால் சிறை நிச்சயம். வீட்டு, விவசாய உபயோகத்துக்கான கருவிகள் சட்டத்தின் பார்வையில் ஆயுதம் அல்ல என்பதும் உண்மை. ஆனால் தேங்காய் வெட்டும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு தடை உத்தரவு உள்ள தெருவில் நின்றால் அந்த விலக்கு உங்களைக் காப்பாற்றாது.

கடைக்காரர்களுக்கு இன்னொன்று. கலவரச் சேதத்துக்கு இழப்பீடு காப்பீட்டில்தான் எளிது. வழக்கமான தீக்காப்பீட்டுப் பாலிசியில் கலவரச் சேதம் அடங்கும், ஆனால் அதை நீக்கி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டிருந்தால், எரிந்த வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராது. அரிவாளுக்குச் சாணை பிடிக்கச் செலவழிக்கும் நேரத்தில் பாலிசியை எடுத்துப் படியுங்கள்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று யாரும் சும்மா இருக்க வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம். இலவச உதவி எண் 15100. 112-ஐயும் 15100-ஐயும் இப்போதே உங்கள் போனிலும், வீட்டில் இருக்கும் பெண்கள், பெரியவர்கள் போனிலும் சேமித்து வையுங்கள்.