குருத்தும் துளிரும்

காரியாபட்டிப் புன்செய்களில் பனையும் சீமைக்கருவேலும் அடுத்தடுத்து நிற்கக் காணலாம். கரிமூட்டத்திற்கெனச் சீமைக்கருவேலைத் தரையோடு வெட்டினும், மழை பெய்தவுடன் தூர் துளிர்க்கும். பனையின் குருத்தை வெட்டினாலோ மரமே பட்டுப்போம். இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராயின், 'ஸ்டெம் செல்' என்பதற்கு வழங்கும் 'குருத்தணு' என்னும் கலைச்சொல்லின் தகுதி விளங்கும்.

உயிரணுக்களுட் பெரும்பாலானவை தத்தம் தொழிற்கேற்ப வேறுபட்டு அமைந்தவை. அங்ஙனம் வேறுபடாது நின்று, தன்னினத்தைப் பெருக்கிப் பிறவகை அணுக்களையும் தோற்றுவிக்க வல்லது குருத்தணு. பனங்குருத்தின் அடியிலுள்ள வளர்நுனியும் இத்தகைய அணுக்களால் ஆயதே. ஆதலின் உவமை பற்றி வந்த இச்சொல் பொருத்தமுடையது.

ஆயினும் இழந்த உறுப்பு மீள வளர்தலை இச்சொல் தானே விளக்காது. தொல்காப்பிய மரபியல் புறத்தே காழுடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழுடையவற்றை மரம் என்றும் பகுக்கும். அதன்படி பனை புல், கருவேல் மரம். பனைக்குக் குருத்து ஒன்றே. கருவேலின் அடித்தூரிலோ உறங்கும் மொட்டுகள் பல. எனினும் புறக்காழுடைய மூங்கில், நிலத்தடித் தண்டின் மொட்டுகளால் வெட்ட வெட்டத் தழைக்கின்றது. ஆகவே மீள்வளர்ச்சிக்குக் காரணம் காழ் நிற்கும் இடமன்று; வேறுபடா அணுக்கள் எஞ்சி நிற்றலே என்க. மரபியற் பாகுபாடு கொண்டு பண்டையோர் உயிரணுவை அறிந்தனர் என்றல் மிகையாம்.

விலங்குகளிடத்தும் இவ்வியல்பே காண்கின்றோம். பிளனேரியா என்னும் தட்டைப்புழு, உடலெங்கும் வேறுபடா அணுக்கள் பரந்திருத்தலின், துண்டுபடினும் முழுவடிவம் எய்தும். பல்லிக்கு வால் மீள வளரினும், முள்ளெலும்புக் கோவைக்கு மாறாகக் குருத்தெலும்புக் குழலே அமைகின்றது. மாந்தர்க்கோ எலும்பு மச்சையிலுள்ள குருத்தணுக்கள் குருதியை நாளும் புதுப்பிக்கும். அம்மச்சையைப் பிறர்க்கு மாற்றும் சிகிச்சையும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் நடைபெற்று வருகின்றது. ஆயின் அறுந்த கை மீள முளைப்பதில்லை.

பாடநூல்கள் மீள்வளர்ச்சியை 'இழப்பு மீட்டல்' என்னும். பல்லி பெற்ற வால் இழந்த வாலன்று; தூரில் எழும் பல போத்துகளும் வெட்டுண்ட தண்டல்ல. இழந்ததே மீளும் என்னும் மயக்கம் மாணவர்க்கு மட்டுமன்றி, நோயுற்று நம்பிக்கை தேடுவார்க்கும் இடர் தரும். ஆதலின் அணுவைக் 'குருத்தணு' என்றும், அதன் செயலை 'மறுதுளிர்ப்பு' என்றும் வழங்குதல் தக்கது. முன்னது பனை தந்த சொல். பின்னது கரிசற்காட்டு உழவர் கருவேலைக் கண்டு நாளும் கூறும் 'துளிர்த்தல்' என்பதன் வழி வந்தது.